வங்குரோத்துக்குப் பேர் கொடுத்த லயம்

இரத்தினபுரியிலிருந்து வந்த பஸ் றக்வானை பஜாரில் நின்றதும் முதல் ஆளாகக் குதித்து இறங்கியவன் இந்திரகுமார். பார்த்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. மூன்று வருஷமாக அந்த மனிதன் பஜாரில் இறங்கியதே கிடையாது. ஒரு பஸ் ஹோல்ட்டுக்கு முன்னாலேயே இறங்கி, ஓடையைத் தாண்டி, றப்பர் காட்டுக்குள் புகுந்து, அட்டைகளுக்குக் காலைக் கொடுத்துக்கொண்டே குறுக்கு வழியில் தோட்டத்துக்கு ஏறிவிடுவான். பஜாரில் எந்தக் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் அங்கே அவனுடைய கடன் ஒன்று இருந்தது. அப்படிப்பட்டவன் அன்றைக்கு நட்டநடுத் தெருவில் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பேக்கரிக்குள் நுழைந்து ரொக்கமாகக் காசு கொடுத்து அரைக் கிலோ மஸ்கட் அல்வா வாங்கினான்.

த்ரீவீல் ஸ்டாண்டில் நின்ற பழைய சிங்களக் கூட்டாளி ஒருவன், லொத்தர் பரிசு ஏதும் விழுந்துவிட்டதா மச்சான் என்று சிங்களத்தில் கத்திக் கேட்டான்.

"ஈட்ட வடா ஹொந்தய்!" என்றான் இந்திரகுமார். அதைவிட நல்லதாம்.

விஷயம் இதுதான்: இந்திரகுமார் வங்குரோத்து ஆகப் போகிறான். கோர்ட்டில் போய், என்னிடம் ஒன்றுமில்லை, கடன் கட்ட எனக்கு வழியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறான். மற்றவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். இவனுக்கு மட்டும் அது தேன் மாதிரி இனித்தது. அவன் பட்ட பாட்டைத் தெரிந்தவர்கள் அதற்காக அவனைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரு காலத்தில் அவன் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ரோதைக்காரன். வாடிய கொழுந்தை அரைக்கிற அந்தப் பெரிய ரோதையை இயக்குவதற்கு முன்னால், ரோதைமுனிக்கு ஒரு கட்டி கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பான். வேலைக்காட்டு ஆட்கள் முழங்கால் வரை சேறோடு நிற்க, இவன் கால்சட்டையும் ரப்பர் செருப்புமாக நிற்பான். அந்தப் பெருமைதான் அவனைக் கவிழ்த்தது. இரண்டாயிரத்தோராம் வருஷம் கம்பெனி ஃபெக்டரியை இழுத்து மூடிவிட்டுக் கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கியது. ஃபெக்டரி ஆட்கள் மலைக்குப் போகலாம், கவ்வாத்து வெட்டலாம், மருந்து அடிக்கலாம் என்று துரை சொன்னார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். நம்மாள் மட்டும், ரோதை பிடித்த கையால் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதா என்று வீறாப்புப் பேசி, பேரை வெட்டிக்கொண்டு சேவைக்காசை வாங்கிவிட்டான். அந்தக் காசை முதலாகக் கட்டி, மிச்சத்துக்கு மாதத் தவணையில் லீசிங் போட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு த்ரீவீல் எடுத்தான்.

லீசிங் கம்பெனிக்குப் பிணை நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற மஷூர் நானா, ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், கையெழுத்துப் போட்டார். கடை அடைக்கிற நேரம் வரை இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிய காலம் அது. கிரிக்கெட் என்றால் இருவருக்கும் பைத்தியம்.

முதல் வருஷம் த்ரீவீல் மாப்பிள்ளை மாதிரி ஓடியது. இரண்டாயிரத்து மூன்றில் இரத்தினபுரிப் பக்கமே மூழ்கிய அந்தப் பெருமழை வந்தது. மண் சரிந்து பாதை மூடியது. வண்டி கழுத்தளவு சேற்றில் நின்றது. அதைத் தோண்டி எடுத்து, எஞ்சினைக் கழற்றி மாட்டி, பாதை திறக்கும் வரை காத்திருந்ததில் தவணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. கடைசியில் கம்பெனி ஆட்கள் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஏலம் போட்டும் முழுக் கடனும் தீரவில்லை, மிச்சத்தைக் கட்டு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. பிறகு ஒரு கட்டத்தில் கடிதமும் நின்றுபோனது. கம்பெனிக்கே சலித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டான். இதற்கு மேல் மஷூர் நானா கடையில் அரிசி, மா, சீனி என்று வாங்கிய கடன் வேறு. அந்த மனிதரின் முகத்தில் எப்படி முழிப்பது? அதனால்தான் றப்பர் காடு, அட்டைக்கடி எல்லாம்.

அவ்வப்போது கிடைக்கிற கூலி வேலை வயிற்றுக்கே போதவில்லை. மனைவி சுதர்ஷினி கொழுந்து பறித்துக் கொண்டுவருகிற சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அப்படி இருக்கையில் கஹவத்தையில் ஒருவன் சொன்னான், இரத்தினபுரி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு லோயர் இருக்கிறார், அவருடைய கிளார்க் சின்னத்தம்பி தமிழ் ஆள், போய்க் கேட்டுப் பார் என்று. போனான். கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"ஒங்களால கட்ட ஏலாதுன்னு கோர்ட்டே தீர்ப்பு சொல்லிட்டா, அதுக்கப்புறம் கடன்காரன் ஒங்க வாசலுக்கு வர முடியாது. அதுதான் வங்குரோத்து. ஆனா ஒண்ணு, கேட்டுக்கங்க…"

அந்த ஒன்றைக் கேட்க இந்திரகுமார் அங்கே இருக்கவில்லை. வாசலுக்கு வர முடியாது என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எழுந்துவிட்டான். திங்கட்கிழமை வருகிறேன் ஐயா என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படிகளில் தாவி இறங்கி பஸ்ஸைப் பிடித்தான்.

தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான அவன் காம்பராவுக்குள் நுழைந்தபோது சுதர்ஷினி அப்போதுதான் மலையிலிருந்து வந்து காலில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். மஸ்கட் பொட்டலத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏங்க, எங்கயும் திருடிக்கிருடி வந்தீங்களா?"

"போடி. எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி ஒரு பய நம்ம வாசல்ல நிக்க முடியாது. நான் வங்குரோத்து ஆகப்போறேன்!"

விளக்கமாகச் சொன்னான். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது மானம் போற காரியம் இல்லீங்களா?"

"மானம் போயி மூணு வருஷமாச்சு. இப்ப போறது கடன் மட்டும்தான்."

அவள் ஒரு கணம் யோசித்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது! வாயில் ஒரு துண்டு மஸ்கட்டைப் போட்டுக்கொண்டு, கோர்ட்டுக்கு எந்தச் சட்டை போடுவீர்கள் என்று கேட்டாள்.

லயத்துக் காம்பராவில் ரகசியம் பேச முடியாது. நடுவில் இருப்பது அரைச் சுவர். அந்தப் பக்கம் அழகம்மா இருந்தாள். ஐம்பது வயதுக்காரி, தோட்டத்திலேயே அதிகக் கொழுந்து பறிக்கிறவள், அதைவிட அதிகம் பேசுகிறவள். அடுத்த நிமிஷம் வாசலில் நின்றாள்.

"தம்பி, அதுக்கு எங்க பேர் குடுக்கணும்?"

"எதுக்குக்கா?"

"அதான், ஏதோ சொன்னியே. கவர்மெண்டு கடன தள்ளுபடி பண்ணுதுன்னு. எம்பேரையும் சேத்துக்க."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தோட்டத்தில் பிறக்காதவர்கள். தோட்டத்தில் எல்லாமே பேர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம், விழாவிட்டால் பட்டினி. பிரஜாவுரிமைக்குப் பேர் கொடுக்காமல் இருந்துவிட்டு, அழகம்மாவின் மாமனார் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாமலே செத்துப்போனார். பக்கத்துக் கிராமத்து நாட்டு ஆட்களுக்கு நிவாரணம் கொடுத்தபோது எங்களுக்கு எங்கே என்று போய்க் கேட்டால், நீங்கள் பேர் கொடுக்கவில்லையே என்றார்கள். ஆகவே மேற்கணக்கு லயத்துக்காரர்கள் ஒரு பாடம் படித்து வைத்திருந்தார்கள். கவர்மெண்ட் என்ற சொல் காதில் விழுந்தால் முதலில் பேரைக் கொடுத்துவிட வேண்டும். என்ன ஏது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இருட்டுவதற்குள் லயமே வாசலில் கூடிவிட்டது. ஆளுக்கொரு கேள்வி.

"ஃபோட்டோ எத்தனை வேணும்?"

"கிராம சேவகர் சைன் வைக்கணுமா?"

"பேர் பதிஞ்ச ஆளுகளுக்கு மட்டுமா, கைக்காசுக்கு வேலை செய்யிற ஆளுகளுக்கும் உண்டா?"

"போன தடவை கூரைத் தகரம் குடுத்தப்ப கீழ்க்கணக்கு ஆளுக எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டானுக. இந்தத் தடவை அவனுகளுக்கு மூச்சு விடாதீங்க!"

இந்திரகுமாருக்கு ஒரு நிமிஷம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. இது நிவாரணம் இல்லையக்கா, இது வேற என்று தொடங்கவும் செய்தான். ஆனால் மூன்று வருஷமாக அவனைப் பார்த்தால் பாவம் என்று உச்சுக்கொட்டிய கூட்டம் அது. இப்போது அதே கூட்டம் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. ரோதைக்கு முன்னால் நின்ற காலத்துக்குப் பிறகு அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவனுக்குத் தலை சுற்றியது.

"சரி, வர்றவங்க எல்லாம் திங்கக்கிழமை வாங்க. நானே கிளார்க்கையாகிட்ட சொல்றேன்" என்றான்.

பத்துப் பன்னிரண்டு பேர் தேறினார்கள். இத்தனை பேர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதா? அழகம்மா யாரையும் கேட்காமல் பஜாருக்குப் போய் மஷூர் நானாவிடம் வேன் கேட்டுவிட்டாள்.

"இரத்தினபுரிக்குப் பேர் குடுக்கப் போறோம் நானா. எல்லாரும் சேர்ந்து போறோம்."

அடையாள அட்டை விஷயமாக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த வருஷம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. சரக்கு ஏற்ற எப்படியும் இரத்தினபுரிக்குப் போகத்தான் வேண்டும். வேன் போகும்போது வெறுமையாகத்தானே போகிறது, ஏறிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டதும் இந்திரகுமார் அழகம்மாவின் வாசலுக்கே ஓடினான். "யார்கிட்ட கேக்குறதுன்னு ஒரு அளவு இல்லையா அக்கா?"

"ஏன், கவர்மெண்டு ஆபீசுக்குக் கவர்மெண்டு வேனா வரும்?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலையில் பெண்கள் பெட்டிச் சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, கல்யாணத்துக்குப் போவதுபோல் டொல்பின் வேனில் ஏறினார்கள். பின்னால் இடமில்லை. முன் சீட்டில் நானாவுக்குப் பக்கத்து இடம் மட்டும்தான் மிச்சம். எல்லோருமாக இந்திரகுமாரை அதில் தள்ளிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு இருவரும் அவ்வளவு கிட்ட இருந்தது அன்றைக்குத்தான். நானா அவனை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். தாடி கொஞ்சம் நரைத்திருந்தது.

"சுகமா?" என்றார்.

"சுகந்தான் நானா."

அவ்வளவுதான் பேச்சு. பின்னால் பெண்கள் கும்மி அடிக்காத குறை. வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கடன் தீர்ந்ததும் யார் யார் என்னென்ன வாங்குவது என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. அழகம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்தவள், நானா நோன்பு என்பது ஞாபகம் வர, சட்டென்று மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இரத்தினபுரி போய்ச் சேரும் வரை ஒருத்தர் வாயிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை. இந்திரகுமார் மட்டும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஒரு நாள்தான், இன்றைக்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் நாளைக்கு நான் சுதந்திர மனிதன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் நானா அவர்களை இறக்கிவிட்டு, சரக்கு ஏற்றிக்கொண்டு இதே இடத்துக்கு வருகிறேன் என்றார். மாடிப் படிகள் அதிர எல்லோரும் ஏறினார்கள். கிளார்க் சின்னத்தம்பி நிமிர்ந்து பார்த்தார். பூவும் பொட்டுமாக அறை நிறைய ஆட்கள்.

"யாருக்குங்க கல்யாணம்? ரெஜிஸ்டர் பண்றது பக்கத்துக் கட்டடம்."

"கல்யாணம் இல்லைங்க. வங்குரோத்துக்குப் பேர் குடுக்க வந்தோம்" என்றாள் அழகம்மா.

கிளார்க் அந்த வேலையில் நரைத்தவர். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. முதலில் இவருடைய விஷயத்தை முடிப்போம் என்று இந்திரகுமாரை உட்கார வைத்தார். லோயருக்கு முற்பணம் வைக்க வேண்டும் என்றார். சுதர்ஷினி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். தோட்டத்தில் போன வாரம் கொடுத்த தீபாவளி அட்வான்ஸ் அது, பிள்ளைகளின் புதுத்துணிக்கு வைத்திருந்த காசு. போனால் போகட்டும், இந்த வருஷம் மட்டும்தானே என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

கிளார்க் பேனாவைத் திறந்தார். "கடன் குடுத்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கும் நோட்டீஸ் போகும்."

"லீசிங் கம்பெனி. பஜாருல நாலஞ்சு கடை. அப்புறம்… மஷூர் நானா."

"எனக்கும் மஷூர் நானாதாங்க" என்றாள் அழகம்மா பின்னாலிருந்து.

"எனக்கும்."

"நமக்கும் அவருதான். அரிசிக்கடன்."

அறையைச் சுற்றி அந்தப் பேர் ஒரு வட்டம் போய் வந்தது. எல்லோரும் உற்சாகமாகத்தான் சொன்னார்கள், பெரட்டில் பேர் கூப்பிடும்போது சொல்வதுபோல. கிளார்க் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"இந்த மஷூர் யாரு? எங்க இருக்காரு?"

"அவருதாங்க எங்கள கூட்டிட்டு வந்தாரு. கீழ வேன்ல வருவாரு."

இந்தத் தடவை கிளார்க்குக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, வெளங்கித்தான் வந்தீங்களா? கோர்ட்டு சொன்னா அவருக்கு வர வேண்டிய காசு வராது. அவ்வளவுதான்."

"வராதுன்னா? கவர்மெண்டு அவருக்குக் கட்டிடும்ல?"

"எந்தக் கவர்மெண்டும் கட்டாது. அவருக்கு அது நட்டம்."

அழகம்மா மெல்ல முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப எம்பேர வெட்டிருங்க" என்றாள்.

கிளார்க் இந்திரகுமாரின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீங்க நின்னு கேக்கலை. லீசிங்குக்குப் பிணை நின்னது யாரு?"

"அவருதான்."

"நீங்க கை தூக்கிட்டா கம்பெனி அவரைப் பிடிக்கும். கடையையும் பிடிக்கும், வேனையும் பிடிக்கும். ஆனா ஒங்களுக்கு நல்லது. சட்டப்படி ஒங்க மேல தப்பில்லை. போடுறதா இருந்தா இங்க ஒரு கையெழுத்து."

பேனா அவன் விரலுக்குள் வந்துவிட்டது. இந்திரகுமாருக்கு அழுகை வரும்போல் இருந்தது. இத்தனை நாள் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தது ஒரு கையெழுத்தில் போய்விடும். வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். பிள்ளைகளை, அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்ல வேண்டாம். அந்த மனிதருக்கு இல்லாத சொத்தா, சமாளித்துக்கொள்வார் என்று மனம் ஒரு பக்கம் நியாயம் பேசியது. மூன்று வருஷம் தப்பித்தே பழகிய மனம் அது, நியாயத்துக்கா அதற்குப் பஞ்சம்? போட்டுவிடத்தான் ஆசை. உண்மையாகவே ஆசை.

சுதர்ஷினி அவன் தோளைத் தொட்டாள்.

"போடுறதா இருந்தா போடுங்க. ஆனா மொதல்ல கீழ போயி அவர்கிட்ட சொல்லிட்டு வந்து போடுங்க. சொல்லாம போட்டீங்கன்னா நான் அந்த வேன்ல ஏற மாட்டேன். நடந்தே வீட்டுக்குப் போவேன்."

அவள் நடப்பாள். அது அவனுக்குத் தெரியும். பேனாவை வைத்துவிட்டு எழுந்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

வேன் வந்து நின்றது. சீனி மூட்டையும் பேரீச்சம்பழப் பெட்டியுமாக ஏற்றிவிட்டு, நானா டயரில் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்திரகுமார் நேராகப் போய் முன்னால் நின்றான். மூச்சு விடாமல், முன்னும் பின்னும் பார்க்காமல், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டான். வங்குரோத்து, நோட்டீஸ், பிணை, மேலே காத்திருக்கிற பேனா, எல்லாம். அவன் பின்னாலேயே இறங்கி வந்த லயத்து ஆட்கள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

நானாவின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"நோன்போட ஈக்கிற மனிசன ஏச வைக்காதீங்க! மஃரிபுக்கு நோன்பு தொறந்த பொறகு ஈக்கி ஏச்சு ஒங்க எல்லாருக்கும்! என்ட வேன்ல ஏறி வந்து எனக்கே குழி தோண்டுறீங்களா?"

"நாங்க ஒங்கள நெனச்சா நானா பேர் குடுத்தோம்? கவர்மெண்ட நெனச்சுல்ல குடுத்தோம்" என்றாள் அழகம்மா அழாத குறையாக.

அவர் கையை வீசி அவளை நிறுத்தினார். இந்திரகுமாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீசிங் கடனா? ஒனக்கு ஏதுடா லீசிங் கடன்? அதைத்தான் போன வருசமே நான் கட்டி முடிச்சிட்டனே!"

இந்திரகுமாருக்குக் காது அடைத்துப்போனது. "நீங்களா?"

"நான்தான். ஒன் மேல பாசத்துல எண்டு நெனைக்காத. என்ட வேனத் தூக்கிட்டுப் போயிடுவானுகள் எண்டு பயத்துல கட்டினன்."

"ஏன் நானா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"செல்ல நீ எங்கடா நிண்ட?" அவர் குரல் உடைந்துவிட்டது. நோன்பின் களைப்போ, கோபமோ, வேறு எதுவோ. "மூணு வருசம்! என்ட கடைப் படிய நீ மிதிச்சியா? பஸ்ஸுல ஒன்னக் கண்டு கை காட்டினா மற்றப் பக்கம் திரும்பிக்கிறாய். இண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் பக்கத்துல இருந்தியே, ஒன் வாயால ஒரு சொல்லு வந்திச்சா? காசு போனாப் போகட்டும். ஒரு மெட்ச் பார்த்திட்டு அதைப் பத்திக் கதைக்க எனக்கு ஒரு ஆள் ஈக்கா இந்தப் பஜாருல?"

இந்திரகுமார் தெருவென்றும் பார்க்காமல் அழுதான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அழுகையோடு நெஞ்சுக்குள் இருந்த பாரமும் இறங்கியது. வங்குரோத்து ஆகிவிட்டால் எப்படி இருக்கும் என்று அவன் கனவு கண்டானோ, அது அந்த நிமிஷம் ஒரு கையெழுத்தும் போடாமலே வந்துவிட்டது. கடன் அப்படியேதான் இருந்தது. பயம்தான் காணாமல் போயிருந்தது.

நானா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கணம் வியாபாரி ஆகிவிட்டார்.

"லோயருக்குக் காசு எதும் குடுத்தீங்களா?"

"என்னோட தீபாவளி அட்வான்ஸ் நானா" என்றாள் சுதர்ஷினி தயங்கித் தயங்கி.

அவர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினார். கொஞ்ச நேரம் மாடியிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. கிளார்க்கின் குரல் சட்டம் பேசியது. நானாவின் குரல் சந்தையில் மிளகாய் விலை பேசுவதுபோல் ஏறி இறங்கியது. எழுதாத கடுதாசிக்கு எனத்துக்குக் காசு என்ற கேள்வி தெரு முழுக்கக் கேட்டது. கீழே லயத்து ஆட்கள் பந்தயம் கட்டாத குறையாக மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நானா நோட்டுச் சுருளைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தபோது பெண்கள் கைதட்டிவிட்டார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவர் காசைச் சுதர்ஷினியிடம் நீட்டினார். "புள்ளைகளுக்கு உடுப்பு எடு."

அவள் வாங்கினாள். ஒரு பாதியைப் பிரித்துப் புருஷன் கையில் வைத்தாள்.

இந்திரகுமார் அந்த நோட்டுகளை இரண்டு கையாலும் நானாவிடம் நீட்டினான்.

"மொதத் தவணை நானா. மிச்சத்தை எப்ப தருவேன்னு எனக்கே தெரியாது. நாளையிலருந்து மலைக்குப் போறேன், கவ்வாத்துக்கு ஆள் எடுக்கிறாங்களாம். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தருவேன்."

நானா எண்ணிப் பார்க்கவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேனின் பின்கதவை இழுத்துத் திறந்தார்.

"மூட்டைக்கு மேல இருந்து வர ஏலும் எண்டவங்க ஏறுங்க. நேரம் போகுது, நோன்பு திறக்க வீட்டுக்குப் போகணும்" என்று பொதுவாகச் சத்தம் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி இந்திரகுமாரிடம் மட்டும் சொன்னார்:

"கடைக்கு வா. காசு ஈந்தாலும் வா, இல்லாட்டியும் வா."